மாப்பிள்ளை சொன்ன பைன் மரம்

என் வாழ்நாளில் எத்தனை பைன் மரங்களைப் பார்த்திருக்கிறேன் என்று கேட்டால் எண்ணி மாளாது. ஆனால் எல்லாவற்றையும் படுத்த நிலையில்தான் பார்த்திருக்கிறேன். நிற்கிற பைன் மரம் ஒன்றைக்கூட அதுவரை கண்ணால் கண்டதில்லை. இந்தச் சின்ன விவரத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்ல எனக்கென்ன கோட்டியா பிடித்திருக்கிறது?

தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கப்பலில் வரும் வெளிநாட்டுத் தடிகளை, அதாவது அறுக்காத முழு மரங்களை, இறக்கி அடுக்கி வைக்கும் யார்டு ஒன்றில் அப்போது நான் சூப்பர்வைசர். முத்தையாபுரத்தில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. (கடையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து, பி.காம் முடித்து, கடைசியில் தடி மேல் போய் உட்கார்ந்தவன் நான்.) யார்டுக்கு வரும் பைனுக்குக் கிளை கிடையாது, இலை கிடையாது, பாதிக்கு மேல் பட்டைகூடக் கிடையாது. அறுத்த முகத்தில் வளையம் இருக்கும். பிசின் வாசம் மூக்கைத் துளைக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வாசத்தை வைத்தே பைன் என்று சொல்லிவிடுவேன். வாசத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

நிற்கும் பைனைப் பற்றிய என் அறிவு முழுவதும் ஆபீஸ் சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து வந்தது. நியூசிலாந்து சப்ளையர் அனுப்பி வைத்தது. பின்னால் பனிமலை, முன்னால் வரிசையாக ஊசியிலை மரங்கள், ஒரு மரத்தடியில் கூம்பு கூம்பாக ஏதோ கிடக்கும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்ததில், நானே அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவன் என்கிற எண்ணம் எனக்கு வந்துவிட்டது.

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு ஆணின் புத்திக்கு ஆகாத காலம் என்று ஒன்று உண்டென்றால், அது நிச்சயதார்த்தத்துக்கும் தாலி கட்டுவதற்கும் நடுவில் இருக்கிற காலம்தான். பெண் வீட்டில் அவன் என்ன சொன்னாலும் சரி என்பார்கள். "இன்னைக்குச் சூரியன் மேக்க உதிச்சிருக்கு" என்று சொன்னால், "ஆமா மாப்ள, அந்தப் பக்கந்தான் வெளிச்சமா இருக்கு" என்று நாற்காலியைத் திருப்பிப் போடுவார்கள். அந்த மரியாதையை நான் என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று நம்பிவிட்டேன்.

பெண் பெயர் கோமதி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அப்பா சுப்பையா மாமாவுக்குப் புன்னைக்காயலுக்குக் கொஞ்சம் உள்ளே, ஆற்றோரத்தில் வாழையும் நெல்லும். தை மாதம் கல்யாணம். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என் கையில் ஒரு மக்ரூன் டப்பாவைத் திணித்து, "ஏல, சும்மா போயித் தலையக் காட்டிட்டு வா. வாயத் தொறந்து என்னமும் உளறாத" என்று அனுப்பி வைத்தாள். (பெற்றவளுக்குத் தெரியாததா?)

சாப்பாடு முடிந்ததும் மாமா புதிதாக வாங்கியிருந்த தோட்டத்தைக் காட்ட அழைத்துப் போனார். பின்னாலேயே அத்தை, கோமதி, அவள் தங்கை செண்பகம். வாழைக்கு அந்தப் பக்கம், வேலியோரமாகப் பெரிய பெரிய மரங்கள் வரிசையாக நின்றன. கிணற்றடியில் தனியாக இன்னொரு மரம்.

"மாப்பிள்ளை மரத்துலயே வேல பாக்காக. இங்கன நிக்கிறதயெல்லாம் ஒரு பார்வ பாத்துச் சொல்லுங்க" என்றார் மாமா.

இப்போது யோசித்தால் புரிகிறது, அது கேள்வியே இல்லை. வந்தவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கிற மாதிரி ஓர் உபசரிப்பு. "நல்லா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நானோ பேண்ட் பாக்கெட்டில் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு வேலியை நோக்கி நடந்தேன்.

வேலியோரம் நின்றது சவுக்கு. தூத்துக்குடிக்காரனுக்குச் சவுக்கு தெரியாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தெரியும். கடற்கரையோரம் ஒல்லி ஒல்லியாக, நெருக்கி நட்டு வைத்திருப்பார்கள். கை கனம் வந்ததும் கம்புக்கு வெட்டிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த சவுக்கு அவ்வளவுதான். வெட்டாமல் விட்டால் அது கிழடாகி, பட்டை வெடித்து, கட்டிப்பிடித்தால் கை எட்டாத அளவுக்குப் பெருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அண்ணாந்து பார்த்தேன். ஊசி ஊசியாக இலை. காற்றில் உஸ்ஸென்று இரைச்சல். குனிந்து பார்த்தேன். தரையில் சின்னச் சின்னதாகக் கூம்புகள்! காலண்டரில் பனிமலை மட்டும்தான் பாக்கி.

ஒரு கூம்பை எடுத்து மாமாவிடம் நீட்டினேன். "பாத்தீங்களா மாமா? கூம்பு. கூம்பு இருந்தா அது ஊசியிலை மரம். இது பைன்."

மாமா கூம்பைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து சவுக்கு விறகில் சமைத்துச் சாப்பிட்ட மனிதர்.

"பைனா... சரி சரி. படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"ஆமா, கொடைக்கானல்ல பாத்தம்லா, இதே மாதிரிதான இருந்துச்சு" என்றாள் அத்தை. (அத்தை கொடைக்கானலுக்குப் போனதே இல்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது.)

கோமதி மட்டும், "போன்ல போட்டோ புடிச்சுப் பாத்தா என்ன மரம்னு பேரு வந்துரும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"போனுக்கு என்ன தெரியும்? நான் தெனம் பைன் மேல உக்காந்து டீ குடிக்கேன்" என்றேன்.

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் இரண்டும் குலுங்கின. வெட்கப்படுகிறாள் என்று நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமா தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். கல்யாணச் சமையல் விறகடுப்பில்தான் நடக்க வேண்டும், கேஸ் அடுப்புச் சாம்பாரை அவர் சாம்பாராகவே மதிப்பதில்லை. அதற்கு இந்த வேலியோர மரங்களை இப்போதே வெட்டிப் பிளந்து காயப் போடலாம் என்று எண்ணம்.

"என்ன மாமா நீங்க! கப்பலேத்திக் கொண்டாற மரத்தப் போயி அடுப்புல வைப்பாகளா?" என்று பதறினேன். பிறகு கிணற்றடி மரத்தைக் கை காட்டினேன். அடியிலிருந்து நுனி வரை வளைவில்லாமல் ஏறி, தட்டுத் தட்டாகக் கிளை பரப்பி, ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் நின்றது. எனக்கு அந்த ஒழுங்கு பிடிக்கவில்லை. "அத வெட்டுங்க. ஒரு கூம்புகூட இல்ல பாருங்க. சும்மா பார்வைக்கு வச்ச மரம்."

மாமாவின் முகம் வாடியது. "அதயா?" என்றார். "அத வெட்டிரலாம்ங்கீங்க?"

"தாராளமா" என்றேன். தோட்டம் என்னவோ என் பெயரில் இருப்பதுபோல. அதோடு நிற்காமல், வேலி மரங்களும் கிணற்றடி மரமும் பின்னால் தெரியும்படி நின்று செண்பகத்தைப் போட்டோ வேறு எடுக்கச் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க யார்டில் என் அலட்டலைத் தாங்க முடியாமல் லாரி டிரைவர்கள் என்னைக் கண்டால் கேபினுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். மாமனார் தோட்டத்தில் பைன் இருக்கிறது, சீக்கிரம் நாம் இங்கிருந்து நியூசிலாந்துக்கு ஏற்றுமதி செய்தாலும் செய்வோம் என்றெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கோமதி போன் செய்தாள். குரலில் வெட்கத்தைக் காணோம்.

"நாளைக்குக் காலையில மரம் வெட்ட ஆளு வருது. கெணத்தடி மரத்த வெட்டப் போறாக. அப்பா ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு என்ன? அந்தோணி மாமாவுக்குக் கையடிச்சுக் குடுத்த மரம் அது."

அப்போதுதான் கதை முழுவதும் வெளியே வந்தது. தோட்டத்தை மாமாவுக்கு விற்றவர் புன்னைக்காயல் அந்தோணி. சொந்தமாகப் படகு வைத்து மீன் தொழில் செய்கிறவர், மாமாவுக்குப் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து சேக்காளி. தன் மகள் பிறந்த வருஷம் அவர் நட்டு வளர்த்தது அந்தக் கிறிஸ்துமஸ் மரம். மகள் இப்போது வெளிநாட்டில் நர்ஸ். கிறிஸ்துமஸ் மாதம் பிறந்ததும் மரத்தில் ஸ்டார் கட்டி, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினால்தான் அவருக்குப் பண்டிகையே ஆரம்பிக்கும். தோட்டத்தை விற்கும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சுப்பையா, மரத்த மட்டும் விட்டுரு." மாமாவும் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்.

"பெறகு அன்னைக்கே என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றேன்.

"எப்படிச் சொல்லுவாக? மாப்பிள்ளை மொதமொதல்ல ஒண்ணு சொல்லியிருக்காக, அத மாத்துனா மரியாத இல்லன்னு வீட்ல ஒரே பேச்சு. நீங்களே வந்து சொன்னாத்தான் உண்டு. இன்னொண்ணு... அந்த வேலியில நிக்கது சவுக்கு."

"பைன்."

"சவுக்கு."

"கோமதி, நான் தொழில்ல இருக்கவன்."

"நான் இந்த ஊர்ல இருக்கவ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தோணியின் மரத்தை விட்டுவிடச் சொல்லலாம், அதில் ஒன்றுமில்லை. ஆனால் பைனைச் சவுக்கு என்று சொன்னால் எப்படிப் பொறுப்பது? நேராக நியூசிலாந்து சப்ளையர் ஆளுக்கு வாட்ஸப்பில் அந்தப் போட்டோவை அனுப்பினேன். 'எங்கள் குடும்பத்துப் பைன் மரங்கள்' என்று கீழே ஒரு வரி. (அதற்குள் குடும்பம் வேறு ஆகிவிட்டது.)

விடிந்து, யார்டு வாசலில் டீயை வாயில் வைக்கும்போது பதில் வந்தது. நல்ல மனிதர், இங்கிலீஷில் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். உங்களுக்கு வலப்பக்கம் வரிசையாக நிற்கும் மரங்கள் அழகாக இருக்கின்றன, அவை என்ன மரம்? இடப்பக்கம் தனியாக நிற்பது எங்கள் பக்கத்துத் தீவுகளில் வளருவது, ஊசியிலைச் சாதிதான், இவ்வளவு தூரம் வந்து உங்கள் வெயிலில் அது செழிப்பாக நிற்பதைப் பார்க்கச் சந்தோஷம். இதுதான் சாரம்.

அந்தத் தோட்டத்தில் இருந்ததே ஒரே ஒரு ஊசியிலை மரம். அதைத்தான் வெட்டச் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கோமதி எடுக்கவே இல்லை. கிளாசை அப்படியே வைத்துவிட்டு பைக்கை எடுத்தேன்.

ராத்திரி பெய்த மழையில் தோட்டத்துப் பாதை சேறாகிக் கிடந்தது. வாழைக்குப் பக்கத்தில் பைக் வழுக்கி, நானும் பைக்குமாக வாய்க்காலுக்குள் போனோம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பைக்கை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

கிணற்றடி மரத்தில் கயிறு கட்டியாகிவிட்டது. அடியில் ஒரு வெட்டும் விழுந்திருந்தது. ஆனால் வெட்டுகிறவர்கள் கோடாரியைத் தரையில் ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரணம், மரத்தைக் கட்டிப்பிடித்தபடி கைலி கட்டிய ஒரு பெரிய மனிதர் நின்றார். அவர் கையில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு ஸ்டார். எதிரே மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பூச்சி விழுந்துட்டுப்பா அந்தோணி" என்றார் மாமா.

"எங்க பூச்சி? காட்டு."

"உள்ள இருக்கு."

"ஏல சுப்பையா, எங்கிட்டயே பொய் சொல்லுத பாத்தியா? கையடிச்சுக் குடுத்தியல? எம்மவ போன்ல ஸ்டாரு கட்டியாச்சான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ஏ மாதாவே!"

மாப்பிள்ளை சொன்னான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி முழுவதும் என் மேல் வந்திருக்கும். மாமா அதைச் சொல்லவில்லை. நாற்பது வருஷ சிநேகிதத்தைத் தோற்றாலும் தோற்பேன், வரப்போகிற மருமகனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அந்த மனிதர் நின்றதைப் பார்த்ததும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"வெட்டாதீங்க!" என்று கத்தினேன்.

"யாரு இது, சேத்துல முங்கி எந்திச்சு வந்திருக்கது?" என்றார் அந்தோணி.

"எங்க மாப்பிள்ளை" என்றார் மாமா, அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக. "தடி ஆபீசர்."

"மாமா, நான் சொன்னது தப்பு. இதுதான் ஊசியிலை மரம். அது வெறும் சவுக்கு. நான்தான் தெரியாம உளறிட்டேன்."

இதோடு எல்லாம் முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"சேச்சே!" என்றார் மாமா. "மாப்பிள்ளை தப்பாச் சொல்லுவாகளா? அந்தோணி மனசு நோகக் கூடாதுன்னு பெருந்தன்மையாச் சொல்லுதாக."

"இல்ல மாமா, நெசமாவே தப்பு."

"நீங்க சும்மா இருங்க மாப்ள. அது பைன்தான்."

"சவுக்கு மாமா!"

"பைன்!"

"கொடைக்கானல்ல பாத்தம்லா" என்று அத்தை வேறு வந்து சேர்ந்துகொண்டாள். மாப்பிள்ளை தவறு செய்துவிட்டான் என்பதை மாப்பிள்ளையே வந்து சொன்னாலும் ஒத்துக்கொள்ள அந்த வீட்டில் வழியில்லை. வெட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தோணி மரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கோமதிக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று வேலிக்குப் போனாள், தாழ்ந்திருந்த கிளையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினாள், முதுகுக்குப் பின்னால் வைத்து ஏதோ செய்தாள், என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எங்க ஒடிச்சிருக்கேன், சொல்லுங்க பாப்போம்."

கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த விளையாட்டு தெரியும். சவுக்கு இலை நெடுகக் கணுக்கணுவாக இருக்கும். ஒரு கணுவில் கழற்றி, தடம் தெரியாமல் திரும்பச் சொருகி, எந்த இடம் என்று கேட்பார்கள். பைன் ஊசியில் அந்த வித்தை நடக்காது. நான் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து உற்று உற்றுப் பார்த்து, நடுவில் ஓர் இடத்தைத் தொட்டேன். கோமதி நுனியைப் பிடித்து இழுத்தாள். வேறு இடத்தில் கழன்று வந்தது.

"மரமுந் தெரியல, கணுவுந் தெரியல" என்றாள்.

முதலில் செண்பகம் சிரித்தாள். அடுத்து அந்தோணி. மாமா எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், மீசை துடித்தது, தலைத்துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார், கடைசியில் தாங்க முடியாமல் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒரு வாரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. எனக்குக் காது இரண்டும் சுட்டன. ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு தடியை இறக்கி வைத்த நிம்மதி.

"ஏய்யா, இங்க வா" என்றார் அந்தோணி. "வெட்டச் சொன்ன கையிதான கட்டணும்." ஸ்டாரை என்னிடம் கொடுத்தார். ஏணி சாத்தினார்கள். ஏறுவதற்கு முன் மரத்தைப் பிடித்தபோது, அந்த ஒற்றை வெட்டிலிருந்து வடிந்திருந்த பிசின் என் உள்ளங்கையில் ஒட்டியது. மூக்கில் வைத்தேன். தினமும் நான் டீ குடிக்கும்போது சுற்றிலும் இருக்கிற வாசத்துக்குச் சொந்தம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறப்பதற்குப் பதில் மூக்கைக் கொண்டுபோய் வைத்திருந்தால் போதும். சேறு காய்ந்த சட்டையோடு நான் ஸ்டார் கட்டுவதைப் போட்டோ எடுத்து அந்தோணி தன் மகளுக்கு அனுப்பினார். அது அங்கே அவளுடைய ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றியதாகக் கேள்வி.

கல்யாணச் சமையல் சவுக்கு விறகில்தான் நடந்தது. பந்தியில் மாமா ஒவ்வொருவர் காதிலும், "மாப்பிள்ளையோட பைன் விறகுல வச்ச சாம்பார்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இன்றுவரை எங்கள் வீட்டில் சவுக்குக்குப் பெயர் பைன்தான். நான் ஏதாவது ஒரு விஷயத்தில் குரலை உயர்த்தி அடித்துப் பேச ஆரம்பித்தால், கோமதி வெறும் விரல்களை ஊசியிலை பிடித்ததுபோல் நீட்டி, "எங்க ஒடிச்சிருக்கேன்?" என்பாள்.

இத்தனைக்கும் மாமா என்னிடம் நேராக, "நீங்க சொன்னது தப்பு மாப்ள" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்காமலே காலம் போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

போன கார்த்திகையில் செண்பகத்துக்கு நிச்சயமாகி, புது மாப்பிள்ளை முதல் தடவையாகத் தோட்டத்துக்கு வந்தான். கம்ப்யூட்டர் வேலை. மாமா அவனையும் அதே கிணற்றடிக்கு அழைத்துப் போனார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும்.

"மாப்ள, இது என்ன மரம்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் மாமா.

பையன் அண்ணாந்து பார்த்தான். அடியில் இருந்த பழைய வெட்டுத் தழும்பைப் பார்த்தான். பிறகு சாதாரணமாக, "தெரியல மாமா" என்றான்.

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா மாப்ள?" என்றார். "இப்படியும் சொல்லலாம்."